பேருந்தின் முதல் படியும் நிறுத்தத்தின் விளிம்பும்

வேலூர்க்காரர்களுக்கு ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் நகரப் பேருந்துகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காட்பாடி ரயில் நிலையத்தில் புறப்பட்டு, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, சி.எம்.சி. மருத்துவமனையையும் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய பேருந்து நிலையத்தையும் தொட்டுக்கொண்டு பாகாயத்தில் போய் நிற்பது இவற்றின் தடம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து சிகிச்சைக்காக வருபவர்களில் ஆட்டோவுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் தேடுவது இந்தப் பேருந்தைத்தான். தடத்தின் ஒரு முனையில் பெரிய ரயில் சந்திப்பு, நடுவில் நாடறிந்த மருத்துவமனை, மறுமுனையில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சியளிக்கும் மறுவாழ்வு மையம். நடக்க இயலாதவர்களும் பார்வை குறைந்தவர்களும் இத்தனை பேர் அன்றாடம் போய்வர வேண்டியிருக்கும் இன்னொரு நகரப் பேருந்துத் தடம் பழைய வட ஆர்க்காடு மாவட்டப் பகுதியில் இல்லை என்றே நினைக்கிறேன். எனவே, மாற்றுத்திறனாளிகள் பிறர் தூக்கிவிடாமல் ஏறி இறங்கக்கூடிய பேருந்து வசதி, பெருநகரங்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்தால் வேலூருக்கு என்ற வரிசையில் வரக் கூடாது. இந்தத் தடத்துக்கு முன்னுரிமை வேண்டும். அதற்குப் புதிய பேருந்துகள் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நிறுத்தத்தின் விளிம்பைச் சரிசெய்து, பேருந்தை அதையொட்டி நிறுத்தினாலே ஏராளமானவர்களுக்கு வழி திறந்துவிடும். இவ்விரண்டையும் விளக்கமாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாகாயத்து மறுவாழ்வு மையத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் நியாயம் எளிதில் விளங்கும். டாக்டர் மேரி வர்கீஸ் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். அதன்பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறையை இங்கே தொடங்கியவரும் அவரே. 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியைத் தானே உருட்டிச் செல்வது, சாய்தளத்தில் பின்னோக்கிச் சரியாமல் ஏறுவது, சிறிய மேட்டைச் சக்கரத்தால் தாண்டுவது என்று இத்தகைய மையங்களில் கற்றுத்தரப்படும் ஒவ்வொன்றும், அந்த மனிதர் மறுபடியும் வெளியே போய் வேலை பார்த்து வாழ வேண்டும் என்பதற்காகவே கற்றுத்தரப்படுகிறது. அத்தனையையும் பாடுபட்டுக் கற்றுக்கொண்டு வெளியே வருபவர், சாலையில் முதலில் சந்திக்கும் பொதுப் போக்குவரத்து வாகனத்தில் ஏற முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை.

நகரப் பேருந்தின் தளம் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது என்பதற்கான காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நம் நாட்டில் நெடுங்காலமாகப் பேருந்துகள் லாரிக்கு ஏற்ற அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டு வந்தன. எஞ்சின் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும். இரும்புச் சட்டங்கள் அச்சுகளுக்கு மேலாக நீளவாக்கில் ஓடும். அவற்றின் மீது பலகை பரப்பி இருக்கைகளைப் பொருத்துவார்கள். ஆகவே தளம் சக்கரத்தின் உயரத்தை ஒட்டியே அமையும். தாழ்தளப் பேருந்தில் எஞ்சினைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள சட்டத்தைத் தாழ்த்தி, இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த பைகள் வண்டியைத் தாங்கும்படி செய்கிறார்கள். நிறுத்தத்துக்கு வந்ததும் நடைபாதைப் பக்கமுள்ள பைகளிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியேற்றினால் அந்தப் பக்கம் சில சென்டிமீட்டர் தாழும். ஆட்கள் ஏறியபின் மறுபடியும் நிமிரும். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2013-இல் வெளியிட்ட நகரப் பேருந்து வரையறைகளில் 400, 650, 900 மில்லிமீட்டர் என மூன்று தள உயரங்கள் குறிப்பிடப்படுகின்றன. முதலாவதில் படிக்கட்டே இல்லாமல் ஏறிவிடலாம். கடைசியில் மூன்று படிகளாவது ஏற வேண்டும். வேலூரில் நாம் பழகியிருப்பது படிக்கட்டு வண்டிகளைத்தான்.

அந்தப் படிக்கட்டு எப்படிப்பட்டது என்பதை என் அக்காவுடன் பயணம் செய்து பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததால் அவர் இடது காலில் காலிப்பர் எனப்படும் தாங்குசட்டம் அணிந்து, ஒரு கையில் ஊன்றுகோலுடன் நடப்பவர். அந்தக் காலிப்பரில் முழங்காலின் இருபுறமும் இரும்பு வளையப் பூட்டு உண்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் வளையம் கீழே இறங்கிக் காலை விறைப்பாக வைத்திருக்கும். உட்காரும்போது இரண்டு வளையங்களையும் விரலால் மேலே தூக்கினால்தான் முழங்கால் மடங்கும். படியேற அவருக்குக் கற்றுக்கொடுத்த முறை எளிமையானது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். பயிற்சி எடுக்கும் இடங்களில் இருக்கும் படிகள் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பேருந்தின் முதல் படியோ, வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டால், அவருடைய முழங்காலுக்கு அருகில் இருக்கும். நல்ல காலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி வைத்து, கம்பியைப் பிடித்து உடல் முழுவதையும் கைப்பலத்தால் மேலே இழுத்து, விறைத்த காலைப் பக்கவாட்டில் சுழற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதற்கு இரண்டு கைகளும் தேவைப்படுவதால், ஊன்றுகோலை முதலில் யாரிடமாவது கொடுத்தாக வேண்டும்.

ஒருமுறை மாலை நேரக் கூட்டத்தில், "சீக்கிரம் ஏறும்மா, பின்னாடி வண்டி நிக்குது" என்று நடத்துநர் அவசரப்படுத்தினார். "கொஞ்சம் இருங்கண்ணா, கட்டைய உள்ள வச்சிட்டு ஏறிடறேன்" என்றார் அக்கா. கட்டை உள்ளே போய்விட்டது. அவர் இரண்டாம் படியில் இருக்கும்போதே விசில் ஊதப்பட்டு வண்டி நகர்ந்தது. நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டதால் விழவில்லை. உள்ளே போனதும் ஒரு கல்லூரி மாணவி எழுந்து இடம் கொடுத்தார். ஆனால், முன்னிருக்கைக்கும் அந்த இருக்கைக்கும் இடையே பூட்டிய காலை நுழைக்க இடமில்லை. காலை நடைவழியில் நீட்டியபடி உட்கார்ந்து, பிறர் கால் படாமல் பார்த்துக்கொண்டே வளையங்களைத் தூக்கினார். நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்னுரிமை இருக்கை என்று எழுதி ஒட்டினால் வேலை முடிந்துவிடாது. அது கதவுக்கு அருகில், முன்னால் காலை நீட்டும் அளவுக்கு இடைவெளியுடன், பக்கத்தில் ஊன்றுகோலைச் செருகி வைக்கும் பிடியுடன் இருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2019 டிசம்பரில் செய்யப்பட்டு 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், முன்னுரிமை இருக்கை, அதற்கான அடையாளக் குறி, ஊன்றுகோலையும் வாக்கரையும் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு, கைப்பிடிகள், சக்கர நாற்காலி ஏறவும் அதை உள்ளே பூட்டி நிறுத்தவும் வசதி ஆகியவற்றைப் பேருந்துகளுக்கு விதித்திருக்கிறது. உட்கார்ந்தபின் விசில் ஊதும் பழக்கத்துக்கு மட்டும் எந்த உதிரிப்பாகமும் வாங்க வேண்டியதில்லை.

இனி நிறுத்தத்துக்கு வருவோம். இந்திய சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதையின் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. நல்ல முறையில் அந்த 15 சென்டிமீட்டரை அமைத்து, பேருந்து அதை உரசாமல் ஒட்டி நின்றால், சாலையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் முதல் படி, விளிம்பில் நிற்பவருக்கு 25 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். காலிப்பர் அணிந்தவருக்கும், மூட்டு வலியுள்ள பாட்டிக்கும், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்புபவருக்கும் அந்த வேறுபாடு ஏறுவதா, ஆட்டோ பிடிப்பதா என்பதைத் தீர்மானித்துவிடும். தாழ்தளப் பேருந்துக்கும் இதே கணக்குதான். 40 சென்டிமீட்டர் தளம், வண்டி சாய்ந்தபின் 33 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள சாய்தளத்தைச் சாலையில் இறக்கினால் மூன்றுக்கு ஒன்று என்ற செங்குத்தான சரிவு கிடைக்கும். பின்னாலிருந்து இருவர் தள்ளினாலும் பயமாகவே இருக்கும். அதே சாய்தளத்தை 15 சென்டிமீட்டர் விளிம்பில் இறக்கினால் ஏறவேண்டிய உயரம் 18 சென்டிமீட்டர்தான். ஒருவர் துணையோடு ஏறிவிடலாம். கட்டடங்களுக்குச் சொல்லப்படும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவை இது எட்டவில்லை என்றாலும், முடியாததை முடியக்கூடியதாக மாற்றிவிடுகிறது. கோடி ரூபாய் கொடுத்து நல்ல பேருந்தை வாங்கினாலும் நிறுத்தம் சரியில்லையென்றால் அதன் சாய்தளம் மடித்தபடியே கிடக்கும்.

நம் ஊர் நிறுத்தங்களில் என்ன நடக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறோம். நிழற்குடைக்கும் சாலைக்கும் நடுவே மழைநீர் வடிகால். அதன் மேல் மூடி சில இடங்களில் உயர்ந்தும் சில இடங்களில் உடைந்தும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோக்கள், அவற்றுக்குப் பக்கத்தில் பழ வண்டி. ஓட்டுநர் விரும்பினாலும் விளிம்பை ஒட்டி நிறுத்த இடமில்லாததால், வண்டி சாலையின் நடுவிலேயே நிற்கிறது. பயணிகள் சாலையில் இறங்கி ஓடிவந்து ஏறுகிறார்கள். ஓட முடியாதவர்கள் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். அடுத்த வண்டியும் அங்கேயே நிற்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை இயற்றியவர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது. அச்சட்டத்தின் 41-ஆவது பிரிவு பேருந்து நிறுத்தங்களில் வசதிகள், வாகனங்களின் வடிவமைப்பு, அணுகத்தக்க சாலைகள் ஆகிய மூன்றையும் ஒரே பிரிவில் வைத்துப் பேசுகிறது. பழைய வாகனங்களிலும் தொழில்நுட்ப அளவில் இயன்ற, பெரிய கட்டமைப்பு மாற்றம் தேவைப்படாத திருத்தங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. படியின் ஓரத்தில் மஞ்சள் பட்டை தீட்டுவது, கதவின் இருபுறமும் கைப்பிடி வைப்பது, ஊன்றுகோல் பிடி பொருத்துவது எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்குபவையே. ஆனால் சட்டத்தில் ஒன்றாக இருப்பது நிர்வாகத்தில் பிரிந்து கிடக்கிறது. பேருந்து போக்குவரத்துக் கழகத்தினுடையது அல்லது தனியாருடையது; அனுமதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தினுடையது; நிழற்குடையும் வடிகாலும் மாநகராட்சியைச் சேர்ந்தவை; சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது; அங்கே நிற்கும் ஆட்டோவை அப்புறப்படுத்தும் பொறுப்பு போக்குவரத்துக் காவலுக்கு. பேருந்தின் படிக்கும் நடைபாதையின் விளிம்புக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளிக்கு மட்டும் பொறுப்பாளர் யாருமில்லை. இந்தப் பிரச்சினையின் வேர் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அத்தகைய தரங்கள் வரும்போது, நிறுத்தத்தையும் வண்டியையும் சேர்த்து ஒரே அலுவலரிடம் ஒப்படைக்காவிட்டால் அவை காகிதத்தோடு நின்றுவிடும்.

தாழ்தளப் பேருந்து நம் சாலைகளுக்கு ஒத்துவராது, மழை பெய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகும், வேகத்தடையில் அடி தட்டும் என்ற வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெங்களூரும் டெல்லியும் பல ஆண்டுகளாக இவ்வகைப் பேருந்துகளை இயக்குகின்றன. சென்னையில் மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயனாக 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின; 2025-இல் தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்தன. வேலூரிலும் மழைநீர் தேங்கும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அவற்றைத் தவிர்க்கும் ஒரு தடத்தையாவது தேர்ந்தெடுக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன். தாழ்தளமே ஒரே தீர்வு என்றும் நான் சொல்லவில்லை. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய விரைவுப் பேருந்துத் திட்டத்தில் தளம் 900 மில்லிமீட்டர் உயரமுள்ளது. ஆனால் நிலையத்தின் மேடையையும் அதே உயரத்துக்குக் கட்டியதால் பயணிகள் படியேறாமல் நேராக நடந்து உள்ளே போகிறார்கள். வண்டியும் நிறுத்தமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

பார்வையற்றவர்களின் சிக்கல் வேறுவகையானது. அவர்களில் பலருக்குப் படி ஒரு தடையே இல்லை; வந்து நிற்பது எந்த வண்டி, அதன் கதவு எங்கே, இறங்கும் இடம் வந்துவிட்டதா என்பவையே கேள்விகள். மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றால், மூன்றாவதில் ஏற வேண்டியவர் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் நம்மூர்த் தனியார் பேருந்துகளின் நடத்துநர்களை மனதாரப் பாராட்ட வேண்டும்: "பாகாயம், பாகாயம், சி.எம்.சி., பாகாயம்" என்று படியில் நின்றபடி அவர்கள் போடும் குரல், எந்த ஒலிபெருக்கியையும் விடத் தெளிவாக, கதவு இருக்கும் திசையையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. இதே கருத்தைக் கருவியாக்கியிருக்கிறார்கள் டெல்லி ஐ.ஐ.டி.யில். ஆன்போர்டு என்ற அந்த ஏற்பாட்டில், பயணி கையிலுள்ள சிறு கருவியை அழுத்தினால் அருகிலுள்ள பேருந்துகளின் தட எண்கள் குரலாகக் கேட்கும். தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பேருந்தின் கதவருகே உள்ள ஒலிபெருக்கி எண்ணைச் சொல்லும். குரல் வரும் திசையில் நடந்து ஏறிவிடலாம். காது கேளாதவர்களுக்கோ உள்ளே அடுத்த நிறுத்தத்தின் பெயர் எழுத்தில் தெரிய வேண்டும். அந்தப் பலகையில் தமிழோடு வங்காளமும் இந்தியும் இருந்தால், எழுத்துத் தெரிந்தும் நம் எழுத்துத் தெரியாத நோயாளிகள் எத்தனை பேர் பயனடைவார்கள்!

தொழுநோயிலிருந்து குணமானவர்களை மறந்துவிடக் கூடாது. காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் 1955-இலிருந்து தொழுநோய் சிகிச்சையும் ஆய்வும் நடந்துவருவதால், இந்தப் பகுதிப் பேருந்துகளில் அவர்கள் எப்போதும் பயணம் செய்துவந்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களை மாற்றுத்திறனாளிகளாகக் குறிப்பிடுகிறது. நரம்பு பாதிக்கப்பட்டு உணர்வற்றுப்போன கைகால்களுக்குச் சூடு தெரியாது. சுட்டபின் கொப்புளம் வந்தால்தான் தெரியும். ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள எஞ்சின் மூடியில் காலை வைத்தபடி நீண்ட நேரம் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகிவிடும். வேலூரின் மே மாத வெயிலில் வெளியே நின்ற வண்டியின் கைப்பிடிக் கம்பியும் அப்படித்தான். கம்பிகளுக்கு ரப்பர் உறை போடுவதும், எஞ்சின் மூடிக்கு வெப்பத் தடுப்பு அமைப்பதும் பெரிய செலவுகள் அல்ல. விரல்கள் மடங்கியவர்களுக்கு அந்த உறை பிடிமானமாகவும் இருக்கும்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய உதவியாளர் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது பெரிய உதவி, மனமார வரவேற்கிறேன். ஆனால் ஏற முடியாதவருக்கு அந்தச் சலுகை போய்ச் சேரவில்லை. பேருந்தில் இலவசமாகப் போக உரிமையுள்ள ஒருவர், சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குப் பணம் கொடுக்கிறார். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கிடைத்தவர்கள் பேருந்தை அடியோடு விட்டுவிட்டார்கள். பிறகு, "சக்கர நாற்காலியில் யாருமே ஏற வருவதில்லையே, எதற்கு வசதி?" என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. ஏற வழியில்லாத வண்டிக்காக யாரும் வெயிலில் காத்திருக்க மாட்டார்கள். வழி இருந்தால் வருவார்கள்.

சத்துவாச்சாரியிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்வு நாளில் கொடுப்பதற்காக ஒரு மனுவைத் தயாரித்து வருகிறேன். காட்பாடி–பாகாயம் தடத்தில் அடுத்து வாங்கும் பேருந்துகளில் சிலவற்றையாவது தாழ்தளமாக ஒதுக்க வேண்டும் என்பது அதன் முதல் கோரிக்கை. அதற்கு முன்பாகவே ரயில் நிலையம், மருத்துவமனை, பழைய பேருந்து நிலையம், பாகாயம் ஆகிய இடங்களிலுள்ள நிறுத்தங்களின் விளிம்பை 15 சென்டிமீட்டருக்குச் சீராக்கி, வடிகாலை மூடி, பேருந்து ஒட்டி நிற்கும் நீளத்துக்கு வேறு வண்டிகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும், இந்தத் தடம் முழுவதற்கும் ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்கவும் கேட்டிருக்கிறேன். நீங்கள் இந்தத் தடத்தில் பயணம் செய்பவராக இருந்தால், உங்கள் நிறுத்தத்தில் விளிம்பின் உயரம் எத்தனை சென்டிமீட்டர், பேருந்து வழக்கமாக விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, வடிகால் மூடி எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் அளவு நாடாவால் அளந்து, முடிந்தால் ஒரு புகைப்படத்துடன் கருத்துப் பகுதியில் பதிவிடுங்கள். நிறுத்தத்தின் பெயரோடு அவற்றை அட்டவணையாக்கி மனுவுடன் இணைத்துவிடுகிறேன்.